காலித் தோட்டாவில் மருந்து நிரப்பி மறுபடி சுடலாமா? கையும் போகும்... கம்பியும் எண்ணணும்!

தர்மபுரி:

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று காட்டை ஒட்டிய எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், ராத்திரி காவல் இருக்காமல் வெள்ளாமை வீடு வந்து சேராது. நிலக்கடலை, மரவள்ளி, ராகி, மக்காச்சோளம் எதைப் போட்டாலும் முதல் பங்கு காட்டுப்பன்றிக்குத்தான். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டு விட்டுப் போய்விடும். காலையில் வந்து பார்க்கிற விவசாயிக்கு வயிறு எரியும்.

இந்த எரிச்சலில்தான் அந்தக் கேள்வி வருகிறது. லைசென்ஸ் வாங்கி துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். "தோட்டா விலை எங்கேயோ போய்விட்டது. நினைத்த நேரத்தில் கிடைப்பதும் இல்லை. சுட்ட பிறகு கூடு சும்மாதானே கிடக்கிறது? அதிலேயே மருந்தைப் போட்டு, குண்டை வைத்து மறுபடி சுட்டால் என்ன? வெளிநாட்டில் வீட்டிலேயே செய்கிறார்களாமே?"

செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது வேறு, இங்கே நடக்கக் கூடியது வேறு.

தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

ஒரு ரைபிள் தோட்டாவில் நாலு சமாச்சாரம் உண்டு. வெளியே தெரிகிற பித்தளைக் கூடு. அதன் அடியில் சின்னப் பொட்டு மாதிரி இருக்கும் கேப்பு. கூட்டுக்குள் மருந்து. வாயில் செருகியிருக்கும் குண்டு.

விசையை இழுத்ததும் ஒரு ஊசி போய் கேப்பைக் குத்தும். கேப்பு பொறி தட்டும். மருந்து எரிந்து புகையாகி, அந்த வேகத்தில் குண்டு குழல் வழியே பறக்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கடைசியில் மிச்சம் இருப்பது பித்தளைக் கூடு மட்டும். கேப்பு செத்துப் போச்சு, மருந்து எரிஞ்சு போச்சு, குண்டு போயே போச்சு.

ஆக, "மறுபடி நிரப்புவது" என்றால் நாலில் மூன்றைப் புதிதாக வாங்க வேண்டும். இதை முதலில் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். காலி பாட்டிலில் எண்ணெய் ஊற்றுகிற வேலை இல்லை இது.

சுட்ட கூடும் பழையபடி இருக்காது. அழுத்தத்தில் உப்பியிருக்கும், வாய் விரிந்திருக்கும். அதை அச்சில் வைத்து அமுக்கி பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் பித்தளை இறுகி, மொறுமொறுவென்று ஆகிவிடும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று ஒடிகிற மாதிரிதான். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே கீறல் ஓடியிருக்கும்.

அமெரிக்காவில் எப்படி முடிகிறது?

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. அமுக்கும் எந்திரம், ஒவ்வொரு ரகத்துக்கும் தனி அச்சு, கேப்பு, மருந்து, குண்டு எல்லாம் கடையிலேயே டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார்கள். மருந்து தயாரிக்கிற கம்பெனிகளே எந்தத் துப்பாக்கிக்கு, எந்தக் குண்டுக்கு, எவ்வளவு போடலாம் என்று சோதனை செய்து புத்தகம் போட்டு விற்கின்றன. அந்தப் புத்தகத்தைத் தாண்டி ஒரு சிட்டிகை கூட போட மாட்டார்கள், ஒழுங்காகச் செய்கிறவர்கள்.

அந்த அளவு என்ன தெரியுமா? கிராம் கணக்கு கூட இல்லை. 'கிரெய்ன்' என்று ஒரு கணக்கு. ஒரு கிராமில் சுமார் 15 கிரெய்ன். அவர்கள் நிறுப்பது அந்தக் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும். நம்ம வீட்டு சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. மளிகைக் கடைத் தராசைப் பற்றிப் பேசவே வேண்டாம். நகைக்கடைத் தராசு வேண்டும்.

இவ்வளவு செய்து அவர்களுக்கு என்ன லாபம்? அங்கே ஒருத்தர் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடுகிறார். குறி பார்த்துச் சுடும் போட்டி, பழகுவது, வேட்டை என்று தோட்டா தண்ணீராய்ச் செலவாகும். ஒரு தோட்டாவில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் எந்திரம் வாங்கிய காசு திரும்பி வந்துவிடும். நம்ம ஊர் விவசாயி வருஷத்துக்கு எத்தனை சுடுவார்? பத்து? இருபது? எந்திரத்தையும் அச்சையும் வெளிநாட்டில் இருந்து கொண்டு வருவதற்கு ஆகிற செலவில் ஆயுசுக்கும் கடைத் தோட்டா வாங்கிவிடலாம். சட்டத்தை விடுங்கள், வெறும் காசுக் கணக்கிலேயே இது கட்டுப்படியாகாது.

குண்டு சுடும் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதில் வேலை இல்லை. கிளப்புகளில் பழகும் .22 ரைபிள் தோட்டாவில் கேப்பு தனியாக இருக்காது. கூட்டின் விளிம்புக்குள்ளேயே பொறி மருந்தைத் தடவி இருப்பார்கள். ஊசி குத்தியதும் விளிம்பு நசுங்கிவிடும். அதை வீட்டில் திரும்ப நிரப்ப நினைப்பதே வீண். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். அதில் மருந்தே கிடையாது, வெறும் காற்று.

குக்கர் விசிலும் ரைபிள் குழலும்

வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு சுமார் 15 பவுண்டு அழுத்தம். வால்வு அடைத்து குக்கர் வெடித்தால் கூரை வரைக்கும் பறக்கிறது என்று நாம் எத்தனை செய்தி படித்திருக்கிறோம். லாரி டயரில் 100 பவுண்டுக்கு மேல். டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்கிற ஆள் தூக்கி எறியப்படுகிறார்.

பன்னிரண்டு போர் துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் ஏறும் அழுத்தத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு ஏறத்தாழ 11 ஆயிரத்து 500 பவுண்டு. .30-06 என்ற ரைபிளுக்கு 60 ஆயிரம் பவுண்டு. இது சுடுகிறவரின் கன்னத்துக்கு நாலு விரல்கடை தூரத்தில் நடக்கிறது.

இந்த இடத்தில்தான் வீட்டு வேலை காலை வாரும். மருந்தை ஒரு தடவை போட்டோமா இல்லையா என்று மறந்து இரண்டாவது தடவை போட்டுவிட்டால் குழல் பிளக்கும். மருந்தே போடாமல் விட்டால் இன்னும் மோசம். கேப்பு மட்டும் வெடித்து, குண்டு குழல் பாதியில் போய் உட்கார்ந்து கொள்ளும். "டுப்" என்று சின்னச் சத்தம்தான் கேட்கும். சுட்டவர் ஏதோ சரியில்லை என்று அடுத்த தோட்டாவைப் போட்டு இழுப்பார். முன்னே அடைத்துக் கிடக்கிற குண்டின் மேல் இரண்டாவது குண்டு போய் மோதும். அவ்வளவுதான்.

மருந்திலும் ரகம் உண்டு. நம்ம பக்கம் நாட்டுத் துப்பாக்கிக்குப் போடுவது கரி மருந்து. புகை கக்கும். ரைபிள் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. 1884-ல் பிரான்ஸ் நாட்டில் பால் வியேல் என்பவர் கண்டுபிடித்தது. அதே அளவு போட்டால் கரி மருந்தை விட பல மடங்கு வேகம். கரி மருந்துக்கு என்று செய்த பழைய குழலில் இதைக் கொட்டினால் குழல் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துவிடும். பார்வைக்கு இரண்டும் கறுப்புத் தூள்தான். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டாசைப் பிரித்து எடுத்த தூள் இரண்டிலும் சேராது. அது எப்போது, எப்படி எரியும் என்று யாருமே சொல்ல முடியாது.

இங்கே மருந்தும் கேப்பும் எங்கே?

இந்தப் புகையில்லா மருந்து செய்கிற பெரிய பாக்டரி நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியில் குன்னூர் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் பாக்டரி. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அது ராணுவத்துக்கும் தோட்டா பாக்டரிகளுக்கும் போகிற சரக்கு. அரை கிலோ கொடுங்க என்று கேட்டு வாங்கி வர முடியாது.

பொதுமக்களுக்குக் கிடைக்கிற பன்னிரண்டு போர் தோட்டாவில் நம்மாட்களுக்குப் பழக்கமானது 'சக்திமான்'. புனே பக்கம் கட்கி தோட்டா பாக்டரியில் செய்வது. 2021 அக்டோபர் 1-ந்தேதி அரசு ஆர்டினன்ஸ் பாக்டரிகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, கட்கி பாக்டரி மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு கம்பெனிக்குப் போனது. ரைபிள் வைத்திருப்பவர்களிடம் அதிகம் இருப்பது .315. ராணுவம் வைத்திருந்த .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். அதனால்தான் இந்தியாவுக்கென்று தனி அளவில் இந்த .315 வந்து நின்றது. வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு, அவன் போட்ட அளவு மட்டும் போகவில்லை!

லைசென்ஸ் உள்ளவர் ஆயுதக் கடையில் முழுத் தோட்டா வாங்கலாம். உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைதான் கிடைக்கும். தனியாகக் கேப்பு, தனியாக மருந்து, தனியாக ரைபிள் குண்டு என்று அமெரிக்கா மாதிரி அடுக்கி வைத்து விற்பது இங்கே கிடையாது. பொருளே கிடைக்காதபோது நிரப்புவது எங்கே? கடைசியில் கல் குவாரி மருந்து, பட்டாசு மருந்து என்று கள்ளச் சந்தைக்குத்தான் போக வேண்டி வரும். அங்கே கால் வைத்த நிமிஷமே அவர் விவசாயி என்ற கணக்கில் இருந்து குற்றவாளி என்ற கணக்குக்கு மாறிவிடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறைய பேர் நினைப்பது, "துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு, தோட்டா விஷயத்தில் யார் கேட்கப் போகிறார்கள்" என்று. இங்கேதான் மாட்டுகிறார்கள்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு பிரிவு, தயாரிப்பது வேறு பிரிவு. வைத்திருக்க 3-வது பிரிவின் கீழ் உரிமம். தயாரிக்க, விற்க, பழுது பார்க்க, மாற்றி அமைக்க 5-வது பிரிவின் கீழ் தனி உரிமம். உங்கள் கையில் இருப்பது முதலாவது மட்டும்தான். "தயாரிப்பு" என்பதில் துப்பாக்கி மட்டும் இல்லை, தோட்டாவும் அடக்கம். இன்னொரு விஷயமும் உண்டு. "தோட்டா" என்பதற்கு சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே அதன் பாகங்களும், அதைச் செய்யும் எந்திரமும் சேர்ந்து வருகின்றன. எனவே முழுத் தோட்டா என்னிடம் இல்லையே, வெறும் அச்சும் கூடும்தானே இருக்கு என்று தப்பிக்க முடியாது.

தண்டனை லேசுப்பட்டது இல்லை. 2019 டிசம்பரில் இந்தச் சட்டத்தைத் திருத்தி கடுமையாக்கி விட்டார்கள். உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. முன்பு இது 3 ஆண்டில் இருந்து 7 ஆண்டு வரை என்றுதான் இருந்தது. உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலே இப்போது 2 முதல் 5 ஆண்டு. வெடிமருந்து சிக்கினால் 1908-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் சேர்ந்து கொள்ளும். ஒரு பெட்டித் தோட்டாவில் மிச்சம் பிடிக்கப் பார்த்து, வக்கீல் பீசுக்கு நிலத்தை அடமானம் வைக்க வேண்டி வரும்.

நம்ம மாவட்டத்தில் போலீசும் வனத்துறையும் இதில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொண்டு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1980-களில் நக்சலைட் வேட்டை நடந்த மண் இது. சந்தனக் கடத்தல் வீரப்பன் 2004 அக்டோபர் 18-ந்தேதி சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கே பாப்பாரப்பட்டி அருகே பாடியில்தான். 2022-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்து காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்த பிறகு வனத்துறை ரோந்து இன்னும் நெருக்கமாகிவிட்டது. 2025-ல் பென்னாகரம் பகுதி ஏமனூர் காட்டில் யானை ஒன்றைத் தந்தத்துக்காகக் கொன்று உடலை எரித்த சம்பவம் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. காட்டோரத்தில் கரி மருந்தும் பால்ரஸ் குண்டும் வைத்திருப்பவரை அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்?

பக்கத்து மாநிலத்தில் குடகு மக்களுக்கு மட்டும் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்று வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே சலுகை உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. "அவங்களுக்கு மட்டும் என்ன?" என்று நம்ம பக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சலுகையும் வைத்திருப்பதற்குத்தான். வீட்டில் தோட்டா பட்டறை போட இல்லை.

சரி, பன்றியைச் சுடலாமா?

தோட்டா கிடைத்தாலும் பன்றியைச் சுட விவசாயிக்கு அனுமதி இல்லை என்பதுதான் இதில் கசப்பான விஷயம்.

ஆயுதச் சட்டத்திலேயே, பயிரைக் காக்க நியாயமான தேவை இருந்தால் முன்வாய் வழியாக மருந்து போடும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடம் இருக்கிறது. ஒரு கையில் அந்தச் சட்டம் துப்பாக்கியைக் கொடுக்கிறது. இன்னொரு கையில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் விசையை இழுக்காதே என்கிறது. காட்டுப்பன்றியும் அந்தச் சட்டப் பட்டியலில்தான் இருக்கிறது. சத்தம் காட்டி விரட்டுவதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். அதையும் சுட வேண்டியது வனத்துறையினர், விவசாயி இல்லை. கேரளாவில் 2022-ல் இருந்து உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுத்தால் லைசென்ஸ் உள்ள ஆட்கள் சுடலாம் என்று ஒரு முறை வந்தது. இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய நிலங்களில் பாதிக்குப் பாதி அந்த ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் கணக்குக்குள்ளேதான் விழும் போலிருக்கிறது. அதிகம் நஷ்டப்படுகிறவருக்கு அரசு முடிவால் குறைந்த பலன் என்று விவசாயிகள் குமுறுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் குமுறலை மனுவாக எழுதி கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். பயிர் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். சேதமான மறுநாளே வனவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் சொல்லி, போட்டோ எடுத்து வைத்துக் கொள்வது அவசியம். நாள் கடந்தால் மழை வந்து தடயம் அழிந்துவிடும்.

இன்னொரு கூட்டம் அவுட்டுக்காய் வைக்கிறது. பழத்துக்குள், தீனிக்குள் வெடி வைத்து பன்றி கடிக்கும் என்று காத்திருப்பது. அதை யானை கடிக்கிறது, மாடு கடிக்கிறது, ஆடு மேய்க்கிற பிள்ளை எடுத்துப் பார்க்கிறது. 2020 மே மாதம் கேரளாவில் பாலக்காடு அருகே கர்ப்பிணி யானை ஒன்று இப்படித்தான் வாய் சிதறி ஆற்றில் நின்றபடி செத்தது. நாடே அழுதது. யானை செத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில்.

வீட்டில் மருந்து... வீடே மருந்து

மருந்து இருக்கிற வீட்டில் ஒரு பீடி போதும். மழைக் காலத்தில் கரி மருந்து ஈரம் இழுத்துக் கொள்ளும், பிடிக்காது. உடனே சிலர் அதை அடுப்பு ஓரத்தில் காய வைக்கிறார்கள். வெயிலில் தகரத்தில் பரப்புகிறார்கள். உரலில் இடிக்கிறார்கள். இதெல்லாம் வினையை விலை கொடுத்து வாங்குவது.

2023 மார்ச் மாதம் பென்னாகரம் பகுதி நாகதாசம்பட்டியில் பட்டாசு குடோன் வெடித்து வேலைக்குப் போன 2 பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி கர்நாடக எல்லை அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் தீப்பிடித்தபோது, செத்தவர்களில் பலர் அரூர் பக்கம் அம்மாபேட்டை கிராமத்து இளைஞர்கள். தீபாவளி செலவுக்கு நாலு காசு பார்க்கலாம் என்று போன பிள்ளைகள். ஒரே ஊரில் அத்தனை பாடை. மருந்து என்றால் என்ன என்று அந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவை வியாபாரத்துக்கு மருந்து அடுக்கிய இடங்கள். நாலு சுவருக்குள், சமையல் அடுப்புக்குப் பக்கத்தில், குழந்தைகள் தூங்குகிற அறையில் டப்பாவில் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஈயக் குண்டை வீட்டில் உருக்கி வார்ப்பவர்களும் உண்டு. அந்தப் புகையும் தூசியும் ரத்தத்தில் ஏறினால் பெரியவர்களுக்கு வயிற்று வலி, தலைவலி. சின்னப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதே பாத்திரத்தை கழுவிவிட்டு மறுபடி சமையலுக்கு எடுப்பது விஷத்தை வைத்து விளையாடுவது.

அடிபட்டால் மறைக்காதீங்க

நாட்டுத் துப்பாக்கி வெடித்து விரல் போனவர்கள், கண் போனவர்கள் பலர் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. வந்தால் போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயம். மஞ்சள் வைத்துக் கட்டிக் கொண்டு படுத்திருப்பார்கள். நாலாம் நாள் சீழ் பிடித்து வருவார்கள். அப்போது விரலோடு போக வேண்டியது மணிக்கட்டோடு போகும்.

ஒரு விஷயம் தெரிந்து கொள்ளுங்கள். போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று சொல்லி அவசர சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், தனியாருக்கும் பொருந்தும். கேஸ் அதன் பாட்டுக்கு நடக்கும். கை திரும்ப வராது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். உள்ளே போன ரவையை ஊசி, கத்தி வைத்து நோண்டி எடுக்காதீர்கள். தீக்காயம் என்றால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். இங்க், மாவு, டூத்பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல், அழுத்தாமல், அப்படியே கொண்டு போங்கள். 108-க்கு போன் செய்யும்போது வெடி விபத்து என்று மறைக்காமல் சொன்னால்தான் தயாராக வருவார்கள்.

தாத்தா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி

காட்டோர வீடுகளில் பரண் மேல், கூரை இடுக்கில் பழைய துப்பாக்கி கிடப்பது உண்டு. தாத்தா பேரில் லைசென்ஸ் இருந்திருக்கும், அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். அல்லது லைசென்சே இருந்திருக்காது. "யாரும் எடுப்பதில்லை, சும்மாதான் கிடக்கு" என்பார்கள். சட்டத்தின் கண்ணில் சும்மா கிடந்தாலும் வைத்திருப்பதுதான்.

உரிமம் இருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதம் செய்யாமல் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வேண்டும் என்றால் வாரிசு தன் பேருக்கு கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். புது உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019 திருத்தத்துக்கு முன் 3 என்று இருந்தது.

உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கியை என்ன செய்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில் போலீசாரும் வனத்துறையினரும் அவ்வப்போது கூட்டம் போட்டு, "தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று அறிவிக்கிறார்கள். அப்படி அறிவித்த சமயங்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பொது இடத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போன ஊர்கள் உண்டு. அந்த மாதிரி அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர், பஞ்சாயத்து தலைவர் மூலமாகக் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும் முன் குழலில் பழைய மருந்து கெட்டித்துக் கிடக்கிறதா என்று குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பதோ, நெருப்பில் காட்டுவதோ வேண்டவே வேண்டாம். பல வருஷம் முன்பு போட்ட மருந்தும் வெடிக்கும். உள்ளே மருந்து இருக்கலாம் என்று வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும், அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பித்தளை விலை நல்ல விலை என்பதால் தோட்டாக் கூடுகள் மூட்டையோடு மூட்டையாக வந்து விழுவதுண்டு. அடியில் இருக்கும் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இல்லை என்றால் அது சுடாத தோட்டா. பள்ளம் இருந்தும் வாயில் குண்டு அப்படியே இருந்தால் அது வெடிக்காமல் போனது. இரண்டையும் தட்டக் கூடாது, அறுக்கக் கூடாது, உலையில் போடக் கூடாது. தனியாக வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.

லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீசு வரும். அப்போது மிச்சத் தோட்டாவையும் எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கை போட்ட ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். திரும்ப வாங்கும்போது கணக்கு இடித்தால் அந்த ரசீதுதான் கை கொடுக்கும்.